ஓதுமேடைக்கு மேல் ஓர் ஓதுமேடை

கேரளத்து யூதர்களின் ஜெப ஆலயங்களில் ஓதுமேடை இரண்டு. வேறு நாடுகளில் பெரும்பாலும் ஒன்றுதான். கூடத்தின் நடுவிலோ பேழையை ஒட்டியோ இருக்கும். சேந்தமங்கலத்திலும் வடக்கன் பரவூரிலும் மட்டாஞ்சேரியிலும் எர்ணாகுளத்திலும் கீழே ஒன்று, மேலே மாடி விளிம்பில் இன்னொன்று. தோராச் சுருளை விரித்துவைத்து ஓதும் இந்த மேடையை எபிரேயத்தில் தேபா என்பார்கள்.

கீழ்மேடை கூடத்தின் நட்டநடுவே நிற்கிறது. கடைந்தெடுத்த சிறு கம்பங்கள் வரிசையாகச் சூழ, பக்கங்கள் வளைந்து, ஏறிப்போக ஒரு வாசல் விட்டிருக்கும். சில ஊர்களில் கம்பங்கள் மரம். மட்டாஞ்சேரிப் பரதேசி ஆலயத்தில் பித்தளை. மேற்குச் சுவரில் தோராச் சுருள்களை வைக்கும் பேழை. எருசலேம் இங்கிருந்து மேற்கே இருப்பதால் பேழையும் மேற்கே. ஆண்கள் சுவரோர விசிப்பலகைகளில் மேடையைச் சூழ உட்கார்ந்து, ஓதுபவரை நடுவில் வைத்துக் கேட்பார்கள். இது வாரநாள் ஏற்பாடு. ஓய்வுநாளும் பண்டிகையும் வந்தால் ஓதுவது மேல்மேடைக்கு மாறிவிடும்.

அந்த மேல்மேடையைத்தான் நின்று பார்க்க வேண்டும். பேழைக்கு எதிர்ப்பக்கம், கிழக்கே, மாடி கூடத்துக்குள் நீண்டு வந்து இரண்டு தூண்களின் மேல் நிற்கிறது. மாடியின் கிராதி நேராக ஓடிவந்து நடுவை எட்டியதும் வெளிப்பக்கம் வளைகிறது. ஒரே ஓர் ஆள் நின்று சுருளை விரிக்கும் அளவுக்கு வளைவு. பிறகு மறுபடி நேர்கோடு. அந்த வளைவில் நிற்பவரின் முகம் பேழையை நோக்கி இருக்கும். அவர் முதுகுக்குப் பின்னால், சாளரம்போல் துளைவிட்ட மரத்தடுப்புக்கு அப்பால், பெண்கள் அமரும் அறை.

இப்போது யார் எங்கே இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். வாரத்தின் மிக முக்கியமான ஓதல் நடக்கும்போது ஓதுபவருக்கு மிக அருகில் இருப்பவர்கள் பெண்கள். ஆண்கள் ஒரு தளம் கீழே, அண்ணாந்து கேட்கிறார்கள். பெண்களைத் தனியே உட்காரவைக்கும் வழக்கம் மாறவில்லை, தடுப்பும் அகற்றப்படவில்லை, அவர்களுக்கான படிக்கட்டும் தனியேதான். ஆனாலும் மேடையையே தூக்கி அவர்கள் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். விதியை மீறாமல் விதிக்குள்ளேயே இத்தனை பெரிய இடத்தைக் கண்டுபிடித்த அந்தச் சமூகத்தின் மனவிரிவை நான் வியக்கிறேன். எனக்கு இது கட்டடக்கலை நுணுக்கமாக மட்டும் படவில்லை. காதின் மேல் வைத்த மரியாதையாகப் படுகிறது.

அந்தப் பெண்கள் வெறுமனே கேட்டுக்கொண்டு இருந்தவர்களும் அல்லர். கொச்சி யூதப் பெண்களிடம் மலையாளப் பாட்டுகள் நிறைய இருந்தன. கல்யாணத்துக்கு, பண்டிகைக்கு, வேதக் கதைக்கு என்று பாடிப் பாடி, கையெழுத்து நோட்டுகளில் எழுதிவைத்து, தாயிடமிருந்து மகள் பெயர்த்து எழுதிக்கொண்ட பாட்டுகள். பெண் குரலை ஆண்கள் கேட்கலாகாது என்ற கண்டிப்பு பல நாட்டு யூதரிடம் உண்டு. இங்கே பெண்கள் ஆண்கள் இருக்கும் சபையிலேயே பாடினார்கள். ஸ்கறியா ஸக்கறியாவும் ஒஃபிரா கம்லியேலும் அந்தப் பாட்டுகளைத் திரட்டி, 2005இல் எருசலேமில் நூலாக வெளிவரச் செய்தார்கள். அதன் தலைப்பிலுள்ள முதல் சொல் ‘கார்குழலி’. தமிழ் வாசகருக்கு அந்த ஒரு சொல்லே போதும், அந்த நோட்டுகள் எந்தத் தெருவில் புழங்கியவை என்பது தெரிந்துவிடும்.

தலையை உயர்த்தினால் மச்சு. கட்டம் கட்டமாகப் பிரித்த தேக்குப் பலகைகள், கட்டத்துக்குள் செதுக்கிய தாமரை. கேரளக் கோயில் மண்டபங்களிலும் கோழிக்கோட்டுப் பழைய பள்ளிவாசல்களிலும் இதே குடும்பத்து வேலையைப் பார்க்கலாம். உளி பிடித்த கைகள் ஒரே மரபில் பழகிய ஆசாரிமாருடைய கைகள் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. ஆனால் இங்கே ஒரு வேறுபாடு உண்டு. கோயிலில் தாமரை என்றால் அதன்மேல் அமர ஒரு தெய்வம் இருக்கும். யூத மரபு வழிபாட்டிடத்தில் உருவத்தை ஏற்காது. ஆகவே இந்தத் தாமரைகள் மீது யாரும் அமர்வதில்லை. ஆசாரி தனக்குத் தெரிந்த பூவைச் செதுக்கினார். அதைச் செய்யச் சொன்னவர்கள் தங்களுக்கு ஒவ்வாத ஒன்றை மட்டும் தவிர்த்துவிட்டுப் பூவை ஏற்றுக்கொண்டார்கள். இரு தரப்பும் விட்டுக்கொடுத்ததாகத் தெரியாத அளவுக்கு மச்சு முழுமையாக இருக்கிறது.

மச்சிலிருந்து விளக்குகள் தொங்கும். பித்தளையும் கண்ணாடியுமான கிண்ணங்கள். தேங்காய் எண்ணெய் ஊற்றித் திரியிட்டு ஏற்றியவை. நீள அகலங்களில் ஒழுங்கு பாராமல் வெவ்வேறு உயரங்களில் அவை தொங்குவதில் எனக்குத் தனி விருப்பம் உண்டு. பேழையோ சிவப்பும் பொன்னும் பச்சையுமாக வண்ணம் தீட்டியது. கொடியும் இலையும் பூவும் அடுக்கடுக்காக ஏறும் மரவேலை. சிம்ஹத் தோரா பண்டிகையில் அதன் முன்னால் தற்காலிகப் பேழை ஒன்றை அமைத்துச் சுருள்களை வெளியே எடுத்து வைப்பார்கள். சுருள்களை ஏந்திக்கொண்டு ஆலயத்துக்கு வெளியே வந்து, கட்டடத்தைச் சுற்றி வலம்வருவார்கள். வெளியே வந்து வலம்வருவது கேரள யூதருக்கே உரிய வழக்கம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைவதும் இங்குள்ள வழக்கம். வலம்வர இடம் வேண்டும் என்பதால் சுற்றிலும் முற்றம் விட்டுத்தான் கட்டினார்கள். அந்த முற்றமும் ஆலயத்தின் உறுப்பு. முற்றத்தில் கடை போட்டுவிட்டுக் கூடத்தை மட்டும் காத்தால் பாதியைக் காத்ததாகத்தான் ஆகும்.

பரவூர் ஆலயத்தில் இந்த நடையின் அழகு மிகத் தெளிவாகத் தெரிகிறது. தெருவிலிருந்து முதலில் படிப்புரை. அதைக் கடந்தால் சிறு முற்றம். பிறகு தூண்கள் இருபுறமும் அணிவகுத்த நீண்ட நடை. அதற்கப்புறம் முன்னறை. பிறகுதான் கூடம். சந்தையின் இரைச்சலோடு வருகிறவரை ஒவ்வொரு வாசலாக நிறுத்தி, குரல் தணிய அவகாசம் கொடுத்து உள்ளே அனுப்புகிறது கட்டடம். 1616இல் இதைக் கட்டியவர் தாவீது யாக்கோபு கஸ்தியேல் முதலியார். கஸ்தியேல் என்ற குடும்பப் பெயர் ஸ்பெயின் நாட்டுக் கஸ்தீலியாவை நினைவூட்டுவது. முதலியார் என்பது கொச்சி அரசர் யூதர் தலைவருக்குத் தந்த பட்டம். ஒரே பெயருக்குள் எத்தனை கடல் தாண்டிய பயணம்!

அங்கே இன்று நீங்கள் பார்க்கும் பேழையும் ஓதுமேடையும் புதியவை. பழையவை 1990களில் எருசலேமுக்குப் போய்விட்டன. முசிறிஸ் பாரம்பரியத் திட்டத்தின் கீழ் ஆலயத்தைச் செப்பனிட்டபோது, பழையவற்றைப் பார்த்து அதேபோல் செய்து வைத்தார்கள். நகல்தானே என்று உதட்டைப் பிதுக்குபவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. கூடத்தின் நடுவில் மேடையே இல்லாமல் வெறுமையாக விட்டிருந்தால் சுவரோர இருக்கைகளுக்கும் மேல்மாடிக்கும் மேற்குச் சுவருக்கும் உள்ள உறவே புரியாமல் போயிருக்கும். புதிய மரம் அந்த உறவைத் திருப்பித் தந்திருக்கிறது. அதோடு இன்றைய தச்சர்களுக்கு அந்த வளைவைக் கடையும் வேலை கைக்கு வந்திருக்கிறது. அது சிறிய லாபம் அல்ல.

பரதேசி ஆலயத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். 1568இல் கட்டியது. 1662இல் போர்த்துகீசியர் சிதைக்க, டச்சுக்காரர் காலத்தில் மறுபடி எழுந்தது. சீனத்திலிருந்து வந்த நீலவெள்ளைத் தரையோடுகளை ஒன்றைப்போல் ஒன்றில்லை என்று காட்டுவார்கள். குனிந்து பாருங்கள், வில்லோ மரத்தின் கிளை ஓட்டுக்கு ஓடு வேறுவேறாக வளைகிறது. கையால் எழுதியவரின் அன்றைய மனநிலை அந்தத் தூரிகை ஓட்டத்தில் இருக்கிறது. எனக்கு அதைவிட அருமையாகத் தோன்றுவது 1760இல் எசக்கியேல் ரஹாபி எழுப்பிய மணிக்கூண்டு. அதன் முகங்களில் ஒன்றில் எபிரேய எழுத்தெண்கள், ஒன்றில் ரோமன் எண்கள், ஒன்றில் மலையாள எண்கள். தொழ வருபவருக்கும் வணிகருக்கும் ஊராருக்கும் அவரவர் கண்ணுக்குப் பழகிய எண்ணில் நேரம் சொன்ன கடிகாரம். மலையாள எண்கள் நம்முடைய பழைய தமிழெண்களுக்கு உடன்பிறப்புகள். ௨, ௪ இரண்டையும் அறிந்தவர் அந்த முகத்தில் பழகிய சாயலைக் காண்பார். பழுதுபட்டுக் கிடந்த கூண்டை உலக நினைவுச்சின்ன நிதியம் சீர்செய்தது.

அந்த ஆலயத்தின் காவலில் இருக்கும் செப்பேடு தமிழருக்கு இன்னும் நெருக்கமானது. ஏறக்குறைய கி.பி. 1000ஐ ஒட்டி, சேரமன்னன் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டில் இருந்தபோது யோசேப்பு ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு அளித்தது. எழுத்து வட்டெழுத்து, மொழி தமிழும் மலையாளமும் முழுதாகப் பிரியாத காலத்தது. பகல்விளக்கு, பாவாடை, அந்தோளம், குடை, வடுகப்பறை, காகளம், தோரணம் என்று உரிமைகளை அடுக்கி, மொத்தம் 72 விடுபேறு கொடுக்கிறது. பகலில் விளக்கு ஏந்திச் செல்வதும் நடக்கும் வழியில் துணி விரிப்பதும் பல்லக்கில் போவதும் அன்று கேட்டதும் கிடைக்கும் வசதிகள் அல்ல. ஒருவர் இந்த மண்ணில் பெருமைக்குரியவர் என்பதை ஊரே காணும்படி, பறையும் எக்காளமும் ஒலித்து அறிவிக்கும் வழிகள். இங்கும் பாருங்கள், மரியாதை காதுக்குக் கேட்கும்படிதான் கொடுக்கப்படுகிறது.

இத்தனை நுட்பமும் நிலைத்து நிற்பது மிகச் சாதாரணமான சில பொருள்களை நம்பி. செம்புரைக்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்து, மர உத்தரம், மேலே ஓடு. கேரள மழையில் ஓடு ஒன்று நழுவினால் நீர் முதலில் விழுவது தாமரை மச்சின் முதுகில். கீழே நிற்பவர் கண்ணுக்குக் கறை தெரியும்போது மேற்பக்கம் உளுத்திருக்கும். சுவர் பெயர்கிறது என்று சிமெண்ட் பூசினால் கல் மூச்சுவிட முடியாமல் ஈரத்தை உள்ளேயே வைத்துக்கொண்டு பொரியும். சுண்ணாம்பை நீற்றிப் பதமாக்கும் கொத்தனாரும் ஓடு மாற்ற ஏறும் ஆளும் ஆண்டுதோறும் மழைக்கு முன் வந்து போனால் பெரிய திட்டமே தேவைப்படாது.

கடவும்பாகம் என்ற பெயரில் இரண்டு ஆலயங்கள் உண்டு. அவற்றின் கதையை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் மனம் அலைக்கழியும். மட்டாஞ்சேரியில் இருந்தது 1544இல் கட்டியது. 1950களில் சமூகம் ஏறத்தாழ முழுதாக இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது பேழையும் கூடவே போயிற்று. மரவேலைகள் நிறைந்த உட்புறத்தைப் பின்னர் எருசலேமிலுள்ள இஸ்ரேல் அருங்காட்சியகம் வாங்கி, கழற்றிக் கொண்டுபோய், தன் கூரையின் கீழ் பொருத்தியது. அங்கே மச்சு பத்திரமாக இருக்கிறது. வந்தவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். இங்கே எஞ்சிய சுவர்கள் 2019 மழையில் இடிந்து விழுந்தன. கொண்டுபோனது சரியா என்று கேட்டால் நான் சரி என்றே சொல்வேன், அந்த மரம் பிழைத்திருக்கிறது என்பதால். ஆனால் உள்ளீட்டை எடுத்துக்கொண்டவுடன் ஓட்டுக்கு மதிப்பில்லை என்று இங்கே விட்டுவிட்டது சரியல்ல. மேல்மேடை எந்த வெளிச்சத்தில், எந்தச் சன்னல் வழியாக வரும் காற்றில் நின்றது என்பதைச் சொல்ல அந்தச் சுவர்கள்தான் இருந்தன.

எர்ணாகுளத்துக் கடவும்பாகம் வேறு வழியில் போயிற்று. ஓதுவதற்குப் பத்து ஆண்கள் வேண்டும் என்பது யூத நெறி. ஆள் சேராமல் 1972இல் வழிபாடு நின்றது. ஆனால் கதவு மூடவில்லை. சந்தைக்கு நடுவிலுள்ள அந்தக் கட்டடத்தின் முன்பகுதியில், அதைக் காத்துவந்தவர் செடிகளும் வண்ணமீன்களும் விற்றார். கடைக்கு வருகிறவர்கள் செடித்தொட்டிகளைக் கடந்து போய்க் கூடத்தை எட்டிப் பார்க்கலாம். சிலருக்கு அது பொருந்தாத காட்சியாகப் பட்டிருக்கும். நாள்தோறும் ஒருவர் பூட்டைத் திறந்து, பெருக்கி, ஒழுகும் இடத்தைக் கவனித்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். 2018இல் ஆலயம் செப்பனிட்டுத் திறக்கப்பட்டபோது அதைத் திறப்பதற்கு ஒரு கூடம் மிஞ்சியிருந்தது அந்த அன்றாடக் கவனத்தால்தான்.

கட்டடங்களைவிடக் கல்லறைகள் எளிதில் தொலைகின்றன. கூரை இல்லை, பூட்டு இல்லை, டிக்கெட் இல்லை. சேந்தமங்கலம் ஆலயத்தின் முன்னே நிற்கும் ஒரு கல் 1269ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இஸ்ரவேலின் மகள் சாரா என்ற பெண்ணின் கல்லறைக் கல். இந்தியாவில் கிடைத்த எபிரேய எழுத்துகளில் மிகப் பழையது இதுவே என்று கருதப்படுகிறது. ஓர் அரசனின் ஆணையோ பெருவணிகனின் கொடையோ அல்ல, ஒரு பெண்ணின் பெயர் முதலிடம் பிடித்திருப்பதில் எனக்குச் சொல்லமுடியாத மகிழ்ச்சி. கொச்சங்காடி ஆலயத்தின் 1344ஆம் ஆண்டுக் கல் தன் கட்டடத்தை இழந்து, பரதேசி ஆலயத்தின் வெளிச்சுவரில் அடைக்கலம் புகுந்திருக்கிறது.

இப்படிப்பட்ட கல்லை வாசிப்பதற்கு ஒரு பக்குவம் உண்டு. எபிரேயச் சதுர எழுத்தின் கிடைக்கோடு தடித்தும் நிலைக்கோடு மெலிந்தும் இருக்கும். மெலிந்த கோடுதான் முதலில் தேயும். உச்சிவெயிலில் பார்த்தால் வெறும் கல்லாகத் தெரிவது, காலையிலோ மாலையிலோ பக்கவாட்டில் வெயில் விழும்போது எழுத்து எழுத்தாக எழும். வெயில் வாய்க்காத இடத்தில் ஒரு கண்ணாடியைப் பிடித்து ஒளியைச் சாய்த்து விழச்செய்வார்கள். கம்பித்தூரிகை போட்டுத் தேய்ப்பதும் அமிலம் ஊற்றிக் கழுவுவதும் ஒரே நாளில் பல நூற்றாண்டுத் தேய்மானத்தைச் செய்துவிடும். அன்போடு ஆண்டுதோறும் அடிக்கும் வெள்ளைகூட எழுத்தின் பள்ளத்தைத் தூர்த்துவிடும்.

மட்டாஞ்சேரியில் நெகேமியா மோத்தாவின் கல்லறை இருக்கிறது. 1615இல் மறைந்த ஞானி, பாடல் புனைந்தவர். பழைய கல்லறைத் தோட்டத்தின் மற்ற அடையாளங்கள் மறைந்து, வீடுகள் நெருங்கிவிட்ட இடம். இந்தக் கல்லறை மட்டும் யார் கையும் படாமல் தப்பியதற்குக் காரணம் பக்கத்து வீட்டார்தான். இந்துவும் முஸ்லிமும் கிறிஸ்தவரும் வேண்டுதலோடு வந்து மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள்.

எல்லாக் கல்லறைக்கும் ஒரு ஞானி வாய்ப்பதில்லை. மாளாவின் நிலைமையைப் பாருங்கள். 1955 சனவரியில் ஊரைவிட்டுப் புறப்படும் முன் அவ்வூர் யூதர்கள் ஆலயத்தையும் கல்லறைத் தோட்டத்தையும் ஊராட்சியிடம் எழுதிக்கொடுத்தார்கள். கல்லறைத் தோட்டத்தைக் காக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொண்டார்கள். யூத நெறிப்படி கல்லறை என்றென்றைக்கும் இறந்தவருக்கு உரியது. இடத்தை மறுபடி பயன்படுத்தும் பேச்சே கிடையாது. படித்துக் கிழிந்த வேத நூல்களைக்கூட மனிதரைப் போலவே மண்ணில் புதைக்கும் மக்கள் அவர்கள். இன்று அங்கே கண்ணில் படும் கல்லறைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். நிலத்தின் ஒரு பகுதியில் விளையாட்டரங்கம் எழுந்தது. அதை எதிர்த்து ஆண்டுக்கணக்காகக் குரல் கொடுத்தவர்கள் மாளாவின் பாரம்பரியக் காப்புக் குழுவினர், யூதர் அல்லாத அவ்வூர் மக்கள். தங்கள் தாத்தாக்களின் அண்டைவீட்டாருக்குத் தந்த வாக்கு தங்களையும் கட்டும் என்று அவர்கள் கருதுகிறார்கள்.

அவர்கள் கேட்பது நடக்கக்கூடியதுதான். ஐரோப்பாவின் கிழக்கே கேட்பாரற்றுக் கிடந்த யூதக் கல்லறைத் தோட்டங்களில் முதலில் செய்வது எல்லையை அளந்து வேலி போடுவது. கல்லை நிமிர்த்துவதும் பெயரைப் படிப்பதும் அதற்குப் பிறகு. மண்ணைத் தோண்டாமலே தரைக்குள் அலை செலுத்தி, குழி எங்கே இருக்கிறது என்று கண்டறியும் கருவியும் இன்று உண்டு. மாளாவில் எஞ்சியிருக்கும் நிலத்துக்கு உடனே தேவை அந்த அளவையும் வேலியும். எழுதிக்கொடுத்த ஒப்பந்தம் இருக்கிறது, எடுத்துப் படிக்க வேண்டும்.